சினைப்பை: முட்டையும் ஹார்மோனும் ஒரே இடத்தில்

ஒரு பெண்ணிடம் கருமுட்டைகள் மிக அதிகமாக இருக்கும் காலம் அவளுடைய இருபதுகள் அல்ல. அவள் இன்னும் பிறக்காமல், தாயின் வயிற்றில் ஐந்து மாதக் கருவாக இருக்கும் காலம்தான் அது. அப்போது இரண்டு சினைப்பைகளிலும் சேர்த்து 60 முதல் 70 லட்சம் முட்டைச் செல்கள் இருக்கின்றன. பிறக்கும்போது அது 10 முதல் 20 லட்சமாகிவிடுகிறது. பூப்பெய்தும் வயதில் 3 முதல் 4 லட்சம். மாதவிடாய் நிரந்தரமாக நிற்கும் சமயத்தில் ஆயிரம் மிஞ்சியிருந்தாலே அதிகம். இத்தனை லட்சத்தில் முழுதாக முதிர்ந்து வெளியே வருபவை, வாழ்நாள் முழுவதற்கும் 400 முதல் 500 வரைதான். மற்றவை எல்லாம் சத்தமில்லாமல் அழிந்துபோகின்றன.

இந்தக் குறைவை நிறுத்த இன்றுவரை மருந்து இல்லை. கருத்தடை மாத்திரை சாப்பிட்டாலும், கர்ப்பமாக இருந்தாலும், தாய்ப்பால் கொடுத்தாலும் முட்டைகள் குறைந்துகொண்டேதான் இருக்கும். 'மாத்திரை சாப்பிட்ட காலத்து முட்டைகள் மிச்சமாக இருக்கும்' என்று பலர் நம்புகிறார்கள்; அப்படி எதுவும் மிச்சமாவதில்லை. அதேபோல, செயற்கைக் கருத்தரிப்புக்காக ஒரே நேரத்தில் பத்துப் பன்னிரண்டு முட்டைகளை எடுத்தால் கையிருப்பு சீக்கிரம் தீர்ந்துவிடும் என்ற பயமும் தேவையற்றது. ஊசி மருந்துகள் செய்வது, அந்த மாதம் எப்படியும் அழிந்துபோக இருந்த முட்டைகளைக் காப்பாற்றி வளர்ப்பதுதான்.

சினைப்பை சிறிய உறுப்பு. நீளம் சுமார் 3 சென்டிமீட்டர், அகலம் அதில் பாதி. கருப்பையின் இரு பக்கமும் இடுப்பெலும்புக் கூட்டுக்குள் தசைநார்களால் பிடிக்கப்பட்டிருக்கிறது. இங்கே ஒரு சங்கதியைக் கவனிக்க வேண்டும்: கருக்குழாய் சினைப்பையோடு குழாய்போல நேராக இணைந்திருப்பதில்லை. கருக்குழாயின் முனையில் விரல்கள் போன்ற மெல்லிய நீட்சிகள் இருக்கின்றன. அவை சினைப்பையின் மேல் தடவி, வெளிவரும் முட்டையை உள்ளே வாரிக்கொள்கின்றன. இந்த விரல்முனைப் பகுதியைப் பற்றிப் புற்றுநோய்க்கு வரும்போது மீண்டும் பேச வேண்டியிருக்கும்.

சினைப்பையைப் புரிந்துகொள்ள ஒன்றைத் தெரிந்துகொண்டால் போதும் என்றால், நான் ஃபாலிக்கிளைத்தான் சொல்வேன். ஒரு முட்டையும் அதைச் சுற்றியிருக்கும் செல்களும் சேர்ந்ததுதான் ஃபாலிக்கிள். 1672-ல் டச்சு மருத்துவர் ரெய்னியர் டி கிராஃப் இதை விரிவாக விவரித்தார். அந்தக் குமிழையே முட்டை என்று அவர் எண்ணினார். உண்மையான முட்டை அதற்குள் ஒரு புள்ளியாக இருக்கிறது என்று 1827-ல் கார்ல் எர்ன்ஸ்ட் வான் பேயர்தான் கண்டறிந்தார், அதுவும் ஒரு நாயின் சினைப்பையில். மனித முட்டையின் குறுக்களவு ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர். நல்ல கண்பார்வை உள்ளவருக்கு வெறும் கண்ணிலேயே தெரிந்துவிடும்.

முட்டையைச் சுற்றியிருக்கும் அந்தச் செல்கள் வெறும் காவல் அல்ல. ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்ட்ரான் என்ற இரண்டு முக்கிய ஹார்மோன்களையும் உருவாக்குபவை அவைதான். முட்டைக்கு ஓர் இடம், ஹார்மோனுக்கு வேறோர் இடம் என்று உடல் பிரித்துவைக்கவில்லை. ஆணின் விரைகளில் விந்தணு உண்டாகும் குழல்களும் ஹார்மோன் சுரக்கும் செல்களும் தனித்தனி. அதனால் வயதானாலும் இரண்டும் மெல்ல மெல்லத்தான் குறைகின்றன. பெண்ணுக்கு அப்படியில்லை. ஃபாலிக்கிள்கள் தீர்ந்தால் முட்டையும் தீர்கிறது, ஈஸ்ட்ரோஜனும் தீர்கிறது. மாதவிடாய் நிற்பது, அதன்பின் எலும்பு மெலிவது, உடல் திடீரென்று கொதிப்பது என்று தனித்தனியாகத் தோன்றும் பலவற்றுக்கும் மூலகாரணம் இந்த ஓர் அமைப்புதான்.

சரி, ஒரு மாதத்தில் உள்ளே என்னதான் நடக்கிறது?

உறக்கத்தில் இருக்கும் ஒரு ஃபாலிக்கிள் விழித்து, வளர்ந்து, முட்டையை வெளியிடும் நிலைக்கு வரப் பல மாதங்கள் ஆகின்றன. அதில் பெரும்பகுதி நமக்குத் தெரியாமலேயே நடக்கிறது. நாம் 'மாதச் சுழற்சி' என்று சொல்வது கடைசிக் கட்டத்தை மட்டும்தான். மாதவிடாய் தொடங்கும் நாட்களில் மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி எஃப்எஸ்ஹெச் என்ற ஹார்மோனைக் கொஞ்சம் கூடுதலாகச் சுரக்கிறது. அதுவரை வளர்ந்து வந்த சில ஃபாலிக்கிள்கள் அதைப் பெற்று வேகமெடுக்கின்றன. அவற்றின் வெளிச்சுவரிலுள்ள செல்கள் கொலஸ்ட்ராலிலிருந்து ஆண்ட்ரோஜன்களை, அதாவது பொதுவாக 'ஆண் ஹார்மோன்' என்று சொல்லப்படுவனவற்றை உண்டாக்குகின்றன. உட்சுவரிலுள்ள செல்கள் அவற்றை வாங்கி ஈஸ்ட்ரோஜனாக மாற்றுகின்றன. ஆண்ட்ரோஜன் பெண்ணுடலுக்கு அந்நியமானதல்ல. அது இல்லாமல் ஈஸ்ட்ரோஜனே இல்லை. பிசிஓஎஸ் என்ற பரவலான சினைப்பைக் கோளாறைப் பற்றிப் பேசும்போது இது உதவும்.

ஈஸ்ட்ரோஜன் ஏற ஏற, பிட்யூட்டரி எஃப்எஸ்ஹெச்சைக் குறைத்துவிடுகிறது. வரத்து குறைந்ததும் மற்ற ஃபாலிக்கிள்கள் வாடி அழிகின்றன. எஃப்எஸ்ஹெச்சைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பிகளை அதிகமாக வளர்த்துக்கொண்ட ஒன்று மட்டும் குறைந்த அளவிலேயே பிழைத்துக்கொண்டு தொடர்ந்து வளர்கிறது. பெரும்பாலான மாதங்களில் ஒரே முட்டை முதிர்வதன் காரணம் இதுதான்.

முந்திக்கொண்ட அந்த ஃபாலிக்கிள் ஏறக்குறைய 2 சென்டிமீட்டருக்கு வளர்கிறது. சினைப்பையின் நீளமே 3 சென்டிமீட்டர்தான் என்பதை நினைத்துப் பாருங்கள். ஈஸ்ட்ரோஜன் உச்சத்தில் இரண்டு நாள் நிலைத்ததும், அதுவரை பிட்யூட்டரியை அடக்கி வைத்திருந்த அதே ஈஸ்ட்ரோஜன் இப்போது அதைத் தூண்டுகிறது. எல்ஹெச் என்ற ஹார்மோன் பெருவெள்ளமாகப் பாய்கிறது. ஃபாலிக்கிளின் சுவரை நொதிகள் ஓரிடத்தில் அரித்து மெலிதாக்குகின்றன. எல்ஹெச் ஏறத் தொடங்கிச் சுமார் 36 மணி நேரத்தில் அந்த இடம் திறந்து, தன்னைச் சுற்றிய செல்களோடு முட்டை வெளியே வருகிறது. அதன் ஆயுள் ஏறக்குறைய ஒரு நாள்.

முட்டை போன பின்பும் அந்த ஃபாலிக்கிளின் வேலை முடியவில்லை. மிஞ்சிய செல்கள் உருமாறி, கார்ப்பஸ் லூட்டியம் என்ற மஞ்சள் நிறத் திசுவாகிப் புரோஜெஸ்ட்ரானைச் சுரக்கின்றன. கருப்பையின் உட்படலத்தைக் கருவை ஏற்கத் தயார் செய்வது இந்த ஹார்மோன். கரு தங்கினால், அது அனுப்பும் ஹெச்சிஜி ஹார்மோன் கார்ப்பஸ் லூட்டியத்தை உயிரோடு வைத்திருக்கிறது. பிறகு நஞ்சுக்கொடி பொறுப்பேற்கிறது. கரு தங்காவிட்டால் சுமார் 14 நாட்களில் கார்ப்பஸ் லூட்டியம் சுருங்கி, புரோஜெஸ்ட்ரான் சரிந்து, மாதவிடாய் வருகிறது. ஆகவே '14-ம் நாள் முட்டை வெளிவரும்' என்ற கணக்கு எல்லோருக்கும் பொருந்தாது. அடுத்த மாதவிடாய்க்கு ஏறக்குறைய 14 நாள் முன்பு வெளிவரும் என்பதுதான் சரிக்கு அருகில் வரும். சுழற்சி 35 நாள் ஆகும் ஒருவருக்கு அது 21-ம் நாளை ஒட்டி அமையும்.

இனி முதுமை. எண்ணிக்கை குறைவதைப் பார்த்தோம். அதைவிட முக்கியமானது முட்டையின் தரம்.

கருமுட்டை உண்டாவதற்கு முட்டைச் செல் தன் குரோமோசோம்களைப் பாதியாகப் பிரிக்க வேண்டும். இந்தப் பிரிவு பெண் பிறப்பதற்கு முன்பே தொடங்கி, பாதியில் நின்றுவிடுகிறது. அந்த முட்டை வெளிவரும் மாதத்தில்தான் மீண்டும் தொடர்கிறது. 15 வயதில் வெளிவரும் முட்டை 15 ஆண்டு காத்திருந்தது என்றால், 42 வயதில் வெளிவருவது 42 ஆண்டு காத்திருந்தது. இத்தனை காலமும் குரோமோசோம்களைச் சேர்த்துப் பிடித்திருப்பது கோஹீசின் என்ற புரத வளையங்கள். அவை கருப்பருவத்திலேயே மாட்டப்படுபவை. பின்னால் புதிதாக மாற்றப்படுவது மிகவும் குறைவு. பல ஆண்டு கட்டிவைத்த கயிறு நைந்துபோவதுபோல அவையும் நைந்துபோகின்றன. பிரியும் நேரத்தில் ஒரு குரோமோசோம் தவறான பக்கம் போய்விடுகிறது. முட்டையில் ஒன்று கூடுதலாகவோ குறைவாகவோ அமைந்துவிடுகிறது.

இதன் விளைவு எண்களில் தெரியும். 21-வது குரோமோசோம் ஒன்று கூடுதலாக இருப்பதால் வரும் டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தை பிறக்கும் வாய்ப்பு தாய்க்கு 25 வயதாகும்போது சுமார் 1,250-ல் ஒன்று. 35-ல் 350-ல் ஒன்று. 40-ல் 100-ல் ஒன்று. 45-ல் 30-ல் ஒன்று. கருச்சிதைவும் இப்படித்தான் கூடுகிறது. இருபதுகளின் பிற்பகுதியில் பத்தில் ஒன்றாக இருப்பது, 45 வயதுக்கு மேல் பாதியைத் தாண்டிவிடுகிறது. ஆரம்ப மாதங்களில் நிகழும் கருச்சிதைவுகளில் ஏறக்குறைய பாதிக்குக் குரோமோசோம் பிழைதான் காரணம். இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. கரு கலைந்த பெண்ணிடம் 'எதையாவது தூக்கினாயா, எங்கேயாவது அலைந்தாயா' என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவள் எதையும் செய்து அந்தக் கருவைக் கெடுக்கவில்லை.

முட்டைக் கையிருப்பை அறிய ஏஎம்ஹெச் என்ற ரத்தப் பரிசோதனை இப்போது பரவலாகிவிட்டது. வளரத் தொடங்கிய சிறு ஃபாலிக்கிள்கள் சுரக்கும் ஹார்மோன் அது. எண்ணிக்கையை ஓரளவு சொல்லும், தரத்தைச் சொல்லாது. கருத்தரிப்புச் சிகிச்சையில் மருந்தின் அளவைத் தீர்மானிக்க உதவும். ஆனால் குழந்தையின்மைச் சிக்கல் எதுவும் இல்லாத ஒரு பெண் இயல்பாகக் கருத்தரிப்பாளா என்பதை அந்த எண்ணால் கணிக்க முடியாது. குறைவான ஏஎம்ஹெச் அறிக்கையைப் பார்த்ததும் வாழ்க்கையே முடிந்துவிட்டதாக இளம்பெண்கள் கலங்குவது தேவையில்லாத துன்பம்.

நாற்பதுகளில் சுழற்சி முதலில் சற்றே குறுகும், பிறகு தாறுமாறாகும், பிறகு தவறும். தொடர்ந்து 12 மாதங்கள் மாதவிடாய் வராவிட்டால் மாதவிடாய் நிறுத்தம் என்று கொள்ளப்படுகிறது. பெரும்பாலோருக்கு இது 45 முதல் 55 வயதுக்குள் நிகழும். புகைபிடிப்பவர்களுக்கு ஓரிரு ஆண்டுகள் முன்னதாகவே வந்துவிடும். ஈஸ்ட்ரோஜன் குறைந்ததும் மூளையில் உடல் வெப்பத்தை ஒழுங்குபடுத்தும் பகுதியின் நரம்பணுக்கள் அளவுக்கு மீறித் தூண்டப்படுகின்றன. திடீரென்று முகமும் மார்பும் கொதித்து வியர்ப்பது அதனால்தான். அது கற்பனை நோயல்ல. அதற்கு மருந்துகளும் இருக்கின்றன. எலும்பைக் கரைக்கும் செல்களை ஈஸ்ட்ரோஜன்தான் கட்டுக்குள் வைத்திருந்தது என்பதால், முதல் சில ஆண்டுகளில் எலும்பு வேகமாக அடர்த்தி இழக்கிறது. இதயநோய் ஆபத்தும் கூடுகிறது. 60 வயதுக்குட்பட்ட, அல்லது மாதவிடாய் நின்று பத்து ஆண்டு ஆகாத, ஆரோக்கியமான பெண்களில் பெரும்பாலோருக்கு ஹார்மோன் சிகிச்சையின் நன்மை அதன் ஆபத்தைவிட அதிகம் என்பதே இன்றைய மருத்துவ நிலைப்பாடு. மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள், ரத்தக் கட்டு ஏற்பட்டவர்கள் போன்றோருக்கு இது பொருந்தாது.

கருப்பையை அகற்றும் அறுவைச் சிகிச்சையின்போது 'சினைப்பையையும் சேர்த்து எடுத்துவிடலாம்' என்று சொல்லப்படுவது உண்டு. காரணம் என்ன என்று கட்டாயம் கேட்க வேண்டும். கருப்பையை மட்டும் எடுத்தால் மாதவிடாய் நிற்கும். ஹார்மோன்கள் தொடர்ந்து சுரக்கும். இரண்டு சினைப்பைகளையும் எடுத்தால் ஈஸ்ட்ரோஜன் ஒரே நாளில் விழுகிறது. 45 வயதுக்குள் அப்படி நடந்தவர்களுக்கு இதயநோயும் எலும்பு மெலிவும் அதிகம் வருவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. குழந்தை பெற்று முடித்தவளுக்குச் சினைப்பை எதற்கு என்ற எண்ணம் எவ்வளவு தவறானது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

சிலருக்கு 40 வயதுக்கு முன்பே சினைப்பை செயலிழக்கிறது. நூற்றில் ஒருவருக்கேனும் இது நேர்கிறது. டர்னர் சிண்ட்ரோம் (ஓர் எக்ஸ் குரோமோசோம் குறைவாக இருப்பது) போன்ற மரபணுக் காரணங்கள், உடலின் எதிர்ப்பு மண்டலமே சினைப்பையைத் தாக்குவது, புற்றுநோய்க்கான கீமோதெரபி, கதிர்வீச்சு ஆகியவை தெரிந்த காரணங்கள். பலருக்குக் காரணமே புலப்படுவதில்லை. இவர்களுக்கு ஹார்மோனை வெளியிலிருந்து, இயல்பாக மாதவிடாய் நிற்கும் வயது வரையாவது கொடுக்க வேண்டும். கீமோதெரபி பெறப்போகும் இளம்பெண்ணின் முட்டைகளையோ சினைப்பைத் திசுவையோ முன்கூட்டியே உறையவைத்துப் பாதுகாக்க முடியும். அப்படி உறையவைத்துத் திரும்பப் பொருத்திய திசுவின் வழியே முதல் குழந்தை 2004-ல் பெல்ஜியத்தில் பிறந்தது. சிகிச்சை தொடங்கும் முன்பே இந்தப் பேச்சு நடந்தாக வேண்டும். தொடங்கிய பின் நேரமிருக்காது.

நோய்களில் மிகவும் பரவலானது பிசிஓஎஸ். இனப்பெருக்க வயதுப் பெண்களில் சுமார் பத்தில் ஒருவருக்கு இருக்கிறது. அவர்களில் 70 சதவீதம் பேர் வரை அது தெரியாமலே இருக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. ஸ்கேனில் தெரியும் குமிழ்களைக் கண்டு பலர் அஞ்சுகிறார்கள். அவை அறுத்து எடுக்க வேண்டிய கட்டிகள் அல்ல. வளரத் தொடங்கி, சில மில்லிமீட்டரோடு நின்றுவிட்ட ஃபாலிக்கிள்கள் அவை. எல்ஹெச்சும் இன்சுலினும் அதிகமாக இருப்பதால் ஃபாலிக்கிளின் வெளிச்சுவர் செல்கள் ஆண்ட்ரோஜனை அளவுக்கு மீறி உண்டாக்குகின்றன. எந்த ஃபாலிக்கிளும் முந்த முடிவதில்லை. முட்டை வெளிவருவதில்லை, கார்ப்பஸ் லூட்டியம் உண்டாவதில்லை, புரோஜெஸ்ட்ரான் இல்லை, மாதவிடாய் தள்ளிப்போகிறது. கூடுதல் ஆண்ட்ரோஜன் முகத்தில் முடியாகவும் பருக்களாகவும் வெளிப்படுகிறது.

சுழற்சி ஒழுங்கின்மை, ஆண்ட்ரோஜன் மிகுதி, ஸ்கேனில் பல சிறு ஃபாலிக்கிள்கள் ஆகிய மூன்றில் இரண்டு இருந்து, தைராய்டு போன்ற வேறு காரணங்கள் இல்லை என்று உறுதியானால் பெரியவர்களுக்கு நோய் முடிவாகிறது. பூப்பெய்திய சில ஆண்டுகளுக்குள் ஸ்கேனை வைத்து முடிவு செய்யக் கூடாது. அந்த வயதில் அத்தனை குமிழ்கள் இருப்பது இயல்பு. ஒல்லியானவர்களுக்கும் பிசிஓஎஸ் வரும். உடல் எடை கூடியவர்கள் கொஞ்சம் குறைத்தாலே பலருக்குச் சுழற்சி திரும்புகிறது. ஆனால் 'எடையைக் குறைத்துவிட்டு வா' என்று மட்டும் சொல்லி அனுப்புவது மருத்துவம் ஆகாது. சர்க்கரை அளவைப் பார்க்க வேண்டும், மனச்சோர்வைக் கேட்க வேண்டும். மாதக்கணக்கில் மாதவிடாய் வராமலே விட்டால் கருப்பையின் உட்படலம் தடித்துப் பின்னாளில் புற்றுநோய்க்கு வழி வைக்கும் என்பதால், மாத்திரை கொடுத்தாவது அதைக் கழியவைக்க வேண்டும். குழந்தை வேண்டும் என்பவர்களுக்கு முட்டையை வெளிவரச் செய்ய லெட்ரோசோல் முதல் மருந்தாகத் தரப்படுகிறது.

உண்மையான நீர்க்கட்டிகளில் பெரும்பாலானவை ஃபாலிக்கிளோ கார்ப்பஸ் லூட்டியமோ சற்றுப் பெருத்து நிற்பவை. இரண்டு மூன்று மாதங்களில் தானே மறைந்துவிடும். முடியும் பல்லும்கூட உள்ளே இருக்கும் டெர்மாய்டு கட்டிகள், எண்டோமெட்ரியோசிஸால் (கருப்பையின் உட்படலம் போன்ற திசு வேறிடத்தில் வளரும் நோய்) பழைய ரத்தம் தேங்கும் சாக்லேட் கட்டிகள் ஆகியவை மறைவதில்லை. பெரிய கட்டியோடு சினைப்பை முறுக்கிக்கொண்டால் திடீர்க் கடும் வலியும் வாந்தியும் வரும். அது மணிக்கணக்கில் முடிவெடுக்க வேண்டிய அவசரம். தாமதித்தால் ரத்த ஓட்டம் நின்று சினைப்பை அழுகிவிடும்.

புற்றுநோய் அரிது. வாழ்நாளில் நூற்றில் ஒருவரைச் சற்றே கூடுதலாகத் தாக்குகிறது. பெரும்பாலும் 50 வயதைக் கடந்தவர்களுக்கே வருகிறது. ஆனால் பிந்திக் கண்டுபிடிக்கப்படுவதால் கொடியது. வயிறு எப்போதும் உப்பியிருப்பது, கொஞ்சம் சாப்பிட்டதுமே நிறைந்துவிடுவது, அடிவயிற்றில் வலி, அடிக்கடி சிறுநீர் கழிக்கத் தோன்றுவது ஆகியவையே அறிகுறிகள். எல்லாமே வாயுத் தொல்லை என்று தள்ளிவிடக்கூடியவை. இவை புதிதாகத் தொடங்கி, மாதத்தில் 12 நாட்களுக்கு மேல் இருந்தால் தள்ளிவிடக் கூடாது. ஸ்கேனும் சிஏ 125 ரத்தப் பரிசோதனையும் செய்துகொள்ள வேண்டும். அறிகுறி இல்லாத எல்லோருக்கும் ஆண்டுதோறும் அதே பரிசோதனைகளைச் செய்தால் என்ன என்று தோன்றலாம். பிரிட்டனில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களிடம் இதைச் செய்து பார்த்தார்கள். இறப்புகள் குறையவில்லை என்று 2021-ல் முடிவு வந்தது.

இந்த நோயைப் பற்றிய புரிதலே கடந்த இருபது இருபத்தைந்து ஆண்டுகளில் தலைகீழாகிவிட்டது. மிகவும் பரவலான, மிகவும் கொடிய வகை, சினைப்பையில் தொடங்குவதே பெரும்பாலும் இல்லை. முதலில் குறிப்பிட்டேனே, கருக்குழாயின் அந்த விரல்முனைகள், அங்கேதான் அது முளைவிடுகிறது. அங்கிருந்து சினைப்பைக்குப் பரவுகிறது. பிஆர்சிஏ1 மரபணுவில் பிழை உள்ள பெண்களில் நூற்றுக்கு 40 பேருக்கு மேலும், பிஆர்சிஏ2-ல் பிழை உள்ளவர்களில் 15 முதல் 20 பேருக்கும் வாழ்நாளில் இது வரக்கூடும். குடும்பத்தில் இளவயது மார்பகப் புற்றுநோயோ சினைப்பைப் புற்றுநோயோ இருந்தால் மரபணு ஆலோசகரைப் பார்ப்பது அதனால்தான் அவசியம். பிழை உறுதியானவர்களுக்கு, குழந்தை பெற்று முடித்தபின், பிஆர்சிஏ1 என்றால் 35 முதல் 40 வயதிலும் பிஆர்சிஏ2 என்றால் 40 முதல் 45 வயதிலும் குழாய்களையும் சினைப்பைகளையும் எடுத்துவிடப் பரிந்துரைக்கப்படுகிறது. உயிரைக் காக்கும் சிகிச்சை அது. ஆனால் ஈஸ்ட்ரோஜனை இழப்பதுதான் அதன் விலை. முதலில் குழாய்களை மட்டும் எடுத்துவிட்டு, சினைப்பைகளைச் சில ஆண்டுகள் கழித்து எடுக்கலாமா என்று இப்போது ஆய்வுகள் நடக்கின்றன. மரபணுப் பிழை இல்லாத பெண்களுக்கும், குடும்பக் கட்டுப்பாட்டுக்காகக் குழாயைக் கட்டுவதற்குப் பதிலாக முழுதாக எடுத்துவிடுவதும், வேறு காரணத்துக்குக் கருப்பையை அகற்றும்போது குழாய்களையும் சேர்த்து எடுப்பதும் பல நாடுகளில் வழக்கமாகி வருகின்றன. சினைப்பைகள் அங்கேயே இருந்து ஹார்மோனைச் சுரந்துகொண்டிருக்கும்.